செடிக்கார அக்கா

சுங்கை வேயில் எந்த அடுக்குமாடியை எடுத்துக்கொண்டாலும் பிளாக்குக்கு ஒரு செடிக்கார அக்கா உண்டு. வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். 1970களில் இங்கே சுதந்திர வர்த்தக மண்டலம் வந்தபோது, தோட்டத்துப் பிள்ளையாகப் பஸ் ஏறி வந்து எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சேர்ந்தவர். தலைமயிரைவிட மெல்லிய கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து ஒட்டிய கண். வேலை ஓய்ந்தாலும் கண் ஓயுமா? உங்கள் வீட்டுச் செம்பருத்தி இலைக்கு அடியில் மாவுப்பூச்சி குடியேறியிருப்பதை லிஃப்ட் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார்.

"பசியாறியாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார். நீங்கள் பதில் சொல்வதற்குள் பார்வை உங்கள் தோளைத் தாண்டிப் பால்கனிக்குப் போயிருக்கும்.

"என்னா தம்பி, ரோஜாவா? கேமரன் மலையில வாங்குனதா? பாவம், அது அங்கயே நல்லா இருந்திருக்குமே!"

விசாரணை அடுத்து ஆர்க்கிட்டுக்குப் போகும். சீனப் புத்தாண்டு சமயத்தில் சூப்பர்மார்க்கெட்டில் பளபளவென்று நிற்குமே, அந்த ஃபெலனாப்சிஸ். இரண்டு மூன்று மாதம் பூவோடு நிற்கும். உதிர்ந்த பிறகு இரண்டு இலையை நீட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும். உரம் வாங்கிப் போட்டு, பாட்டு கூடப் போட்டுக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அக்கா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "அதுக்கு ராத்திரியில குளிரு வேணும். ஏர்கோன் ரூம்புல உன்கூடப் படுக்கப் போட்டுக்க." கேலி இருக்கட்டும், சொன்ன காரணம் சரியானது. நம் சமவெளிப் புழுக்கத்தில் அது பூத்தண்டு விடுவது அபூர்வம். அடுப்புக்கரித் துண்டில் கட்டித் தொங்கவிட்ட டெண்ட்ரோபியத்துக்கு இந்த வீறாப்பெல்லாம் கிடையாது. வெயிலோடு கொஞ்சம் காற்றும் இருந்தால் பூத்துவிடும்.

என்ன செடி வாங்கலாம் என்று அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். பெண் பார்க்கப் போனவர்கள் நட்சத்திரம் கேட்பதுபோல, "உன் பால்கனி எந்தப் பக்கம் பாக்குது?" என்பார். கிழக்கு என்றால் முகம் மலரும். காலை வெயில், மல்லிகையே வைக்கலாம். மேற்கு என்றால் காகிதப்பூ, அடீனியம். வடக்கு, தெற்கு என்றால்தான் பஞ்சாங்கம் விரியும். கோலாலம்பூர் வட்டாரம் பூமத்திய ரேகைக்கு மூன்று டிகிரி வடக்கே இருப்பதால், மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வந்து பக்கம் மாறும். வடக்குப் பால்கனிக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வெயில். தெற்குப் பால்கனிக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. அக்கா டிகிரி கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. துணி எந்த மாதம் எந்தக் கொடியில் காய்கிறது என்று அவருக்குத் தெரியும், அது போதும்.

காகிதப்பூ விஷயத்தில் மட்டும் அவர் கல்நெஞ்சுக்காரி. "தண்ணி காட்டாத. இலை தொங்கட்டும். பயந்தாத்தான் பூக்கும்." அதுவும் பலிக்கும். நவம்பர் மழையில் கீழ்த்தளத்துக் காகிதப்பூ இலையாகப் புதர் மண்டிக் கிடக்க, சாரல் படாத ஏழாம் மாடியில் அக்காவுடையது குங்குமமாய்ப் பூத்து நிற்கும்.

செடிகளுக்காகச் சுங்கை பூலோ வரை போவார். 1930இல் தொழுநோயாளிகளுக்கென்று அங்கே ஒரு குடியிருப்பு அமைந்தது. உறவை விட்டுப் பிரிந்து வந்தவர்கள் பிழைப்புக்குப் பூச்செடி வளர்த்து விற்றார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பாதிப் பால்கனிகளுக்கு இன்றும் அந்த நர்சரிகள்தான் தாய்வீடு. சந்தையில் காசுக்குக் காசு பேரம் பேசும் அக்கா, அங்கே மட்டும் வாய் திறப்பதில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதனால்தான்.

சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுதான் அவருக்குப் பரம எதிரி. ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதார அதிகாரி வந்து ஜெந்தீக், அதாவது கொசுப்புழு, கண்டால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி வரை கம்பவுண்ட் கட்ட வேண்டிவரும். அதிகாரிக்கு முன்பே அக்கா சோதனைக்கு வந்துவிடுவார். கையில் டார்ச்லைட். தன் தட்டுகளில் மணலை நிரப்பி வைத்திருக்கிறார். உங்கள் தட்டில் தண்ணீர் நின்றால் கேட்காமலே கவிழ்த்துவிட்டு, தரை துடைக்கும் வேலையை உங்களுக்கு விட்டுவிட்டுப் போவார்.

குறையே இல்லாதவரா என்றால், கைப்பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் இருக்கிறது. கல்யாண வீடோ கிளினிக் வாசலோ கோயில் மதிலோரமோ, அதற்கு எல்லா இடமும் ஒன்றுதான். "கேட்டு வாங்குனா வேர் விடாது தம்பி, தெரியாம கிள்ளுனாத்தான் பிடிக்கும்." கிள்ளி வந்த செடிகளைப் பூவின் பெயரால் அவர் அழைப்பதும் இல்லை. "கிள்ளான் சம்பந்தி மொட்டு விட்டுட்டாங்க. செந்தூல் டாக்டரம்மாதான் ரெண்டு நாளா தொங்கிப்போய் இருக்காங்க, வெயில்ல வைக்கணும்" என்பார். முதல் தடவை கேட்பவர்கள் பதறிப்போவார்கள்.

நடைபாதையில் பூச்சட்டி வைக்கக் கூடாது என்று நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டும் நாளில், சம்பந்தியும் டாக்டரம்மாவும் பக்கத்து வீடுகளில் விருந்தாளிகளாகத் தங்குவார்கள். யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் மாவுப்பூச்சிக்கு மருந்து யாரிடம் கேட்பது?

ஆகவே, நர்சரிக்குக் கிளம்புமுன் உங்கள் பிளாக் அக்காவிடம் பால்கனி பார்க்கும் திசையைச் சொல்லி யோசனை கேளுங்கள். ஆலோசனைக் கட்டணம், பூத்த பிறகு ஒரு கிளை. நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை, அவரே எடுத்துக்கொள்வார்.