விடை: டபிள்யூ

எக்ஸை ஈயின் எக்ஸாம் அடுக்கால் பெருக்கினால் 2 வருகிறது, எக்ஸ் எவ்வளவு? பள்ளிக்கூட அல்ஜீப்ரா இங்கே செல்லாது. கணித மென்பொருளான மேப்பிளிடம் கேளுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் 'லாம்பர்ட் டபிள்யூ 2' என்று விடை வரும். அப்படியென்றால்? தன்னை ஈயின் அடுக்கில் ஏற்றி, தன்னாலேயே பெருக்கினால் 2 தரும் எண். ஐயா, அதைத்தானே நாங்களும் கேட்டோம்!

வற்புறுத்தினால் 0.8526 என்று தசமத்துக்கு இறங்கி வரும். அதையும் சொல்லிவிட வேண்டும். இதன் பங்காளிச் சமன்பாடு ஒன்றைக் கணிதவியலாளர் லாம்பர்ட் தொட்டது 1758இல். டபிள்யூவுக்குப் பேரும் புகழும் வந்ததோ, மேப்பிள்காரர்களும் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத்தும் சேர்ந்து 1996இல் கட்டுரை எழுதிய பிறகுதான். இன்னொரு கணித மென்பொருளான மேத்தமேட்டிக்கா மட்டும் இன்றும் 'ப்ராடக்ட் லாக்' என்றே கூப்பிடுகிறது.

ஆள் ஒன்று, பெயர் இரண்டு என்றால் சமாளித்துவிடலாம். பெயர் ஒன்று, ஆள் இரண்டு என்றால்தான் வம்பு. 'எலிப்டிக் கே' என்ற சார்பிடம் 0.5ஐக் கொடுங்கள். மேத்தமேட்டிக்கா 1.854 என்னும், மேப்பிள் 1.686 என்னும். இரண்டுமே சரி! முன்னது, நீங்கள் வர்க்கப்படுத்தித்தான் கொண்டுவந்தீர்கள் என்று நம்புகிறது. பின்னது தானே வர்க்கப்படுத்திக்கொள்கிறது. உதவிப் பக்கத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது, படிப்பவர் யார் என்பதுதான் தெரியவில்லை.

இன்னொரு வம்பு: சுழிக்கு முன் 0, பின் 1 என்று தாவும் ஹெவிசைடு சார்பின் மதிப்பு சுழியிலேயே என்ன? மேட்லேப் என்ற மென்பொருள் அரை என்று பஞ்சாயத்து பண்ணும். மேப்பிள் வரையறை இல்லை என்று கைகழுவும். மேத்தமேட்டிக்காவோ நாம் தட்டிய கேள்வியையே அப்படியே திருப்பி நீட்டும்.