வரலாம் வரலாம்… ஹோல்டான்!

சென்னைக் கல்மண்டபத்தில் வண்டியை முன்னால் ஓட்டத் தெரிந்தவனுக்கு மரியாதை கிடையாது. முன்னால் போக இங்கே என்ன இருக்கிறது? காசிமேட்டுப் பக்கம் துறைமுக வாசலைப் பார்த்து டிரெய்லர்கள் வரிசை கட்டிவிட்டால், கிளீனர் இறங்கி டீ குடித்து, சலூனில் சேவிங் முடித்துவிட்டு வந்தாலும் வண்டி விட்ட இடத்திலேயே நிற்கும். இதற்கு லைசென்ஸ் எதற்கு, பொறுமை போதும். ஒருவனை டிரைவர் என்று இந்த ஊர் ஒப்புக்கொள்வது, கன்டெய்னர் பெட்டி ஏற்றிய டிரெய்லரை அவன் ரிவர்ஸில் சந்துக்குள் சொருகும்போதுதான்.

கப்பல் கன்டெய்னரை நடைமுறைக்குக் கொண்டுவந்த மால்கம் மெக்லீனும் ஒரு லாரிக்காரர்தான். பஞ்சுப் பொதி ஏற்றிய லாரியோடு நியூ ஜெர்சி துறைமுகத்தில் நாளெல்லாம் காத்துக் கிடந்த கடுப்பில்தான் அந்த யோசனை வந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். 1956-ல் 58 பெட்டிகளோடு அவருடைய முதல் கப்பல் கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தில் 1983-ல் கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். லாரிக்காரன் காத்திருக்கக் கூடாது என்று கண்டுபிடித்த பெட்டி, இன்று எங்கள் தெருமுனையில் லாரிக்காரனோடு சேர்ந்து காத்திருக்கிறது.

என் தாய்மாமனுக்குச் சொந்தமாக ஒரு டிரெய்லர் உண்டு. பிறந்தது எண்ணூர் அசோக் லேலண்டில், வளர்ந்தது முழுக்க வரிசையில். பொங்கலுக்கு ஊருக்குப் போன டிரைவர் மாசி பிறந்தும் திரும்பாததால், கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்த என் மேல் மாமாவின் பார்வை விழுந்தது. என்னிடம் ஹெவி லைசென்ஸ் இருந்தது. பெண் பார்க்கப் போகும்போது சொல்லிக்கொள்ள எடுத்தது.

மணலிப் பக்கம் ஒரு யார்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. ரிவர்ஸில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் காரின் பின்பக்கம் வலப்பக்கம் போகும். டிரெய்லர் இடப்பக்கம் போகும். இதுவரை யாருக்கும் புரியும். வினையே அதற்கப்புறம்தான். பெட்டி திரும்ப ஆரம்பித்த நொடியில், ஒடித்ததைப் பிரித்து, பெட்டியின் பின்னாலேயே என்ஜின் தலையை ஓட்டிப் போக வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் தலையும் பெட்டியும் முறுக்கிக்கொண்டு, கோபித்த புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். முன்னால் இழுக்கும்போது எத்தனை கோணல் இருந்தாலும் பெட்டி தானாக நேராகிவிடும். பின்னால் தள்ளும்போது விரற்கடைக் கோணல் முழமாக வளரும். அதிலும் இருபதடி டிரெய்லர் நாற்பதடியைவிடப் பொல்லாதது. நீளமானது திரும்ப யோசிக்கும்; குட்டை யோசிக்காது.

“ஸ்டியரிங்க மேல புடிக்காத மாப்ள, அடியில புடி. பெட்டி எந்தாண்ட போவணுமோ அந்தாண்ட கைய நவுத்து. மூளைய கயட்டி டேஷ்போர்டுல வச்சுடு” என்றார் மாமா. மூன்றாவது விதிதான் வேலை செய்தது.

1989-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டெரிக் நுயென், பெர்னார்ட் விட்ரோ என்ற இருவர் டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்கக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இறக்குமேடைக்குப் பக்கத்திலிருந்து முதல் பாடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம். மாமாவின் பாடத்திட்டமும் அச்சு அசல் இதுதான். அவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவே. அந்தக் கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பழகியதாம். பழகட்டுமே. திரைக்குள் ஓடும் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில், ஐஸ் பெட்டியில் வஞ்சிரம் ஏற்றிய டிவிஎஸ் எக்ஸ்எல் நுழையாது.

எனக்குத் தெருவே நுழைந்தது. முதல் நிஜ லோடு, கல்மண்டபத்தில் ஒரு குடோன் சந்து, விடியற்காலை, பக்கத்து சீட்டில் மாமா. சந்து வாயில் இட்லிக் கடை போடும் ஆயா, பெஞ்சையும் அடுப்பையும் முனகிக்கொண்டே ஓரம் கட்டினார். பெட்டியை இடப்பக்கம் வளைத்து ஏற்ற வேண்டும். டிரைவருக்கு அது குருட்டுப் பக்கம். வலது கண்ணாடியில் பெட்டியே இல்லை, வெறும் தெரு. இடது கண்ணாடியில் கப்பல் கம்பெனி பெயரின் முதல் எழுத்து மட்டும், துருப்பிடித்து, பெரிதாக. மீதியெல்லாம் கிளீனரின் குரல்தான். “வரலாம் வரலாம் வரலாம்…” பெட்டியில் ஒரு தட்டு தட்டினால் வா. இரண்டு தட்டினால் நில்.

ரிவர்ஸ் சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் எவரும் சும்மா இருக்கமாட்டார்கள். கேரம் போர்டு ரூமில் ராத்திரி தங்கியவர்கள் லுங்கியோடு வந்தார்கள். ரிட்டயர்டான பஸ் டிரைவர் ஒருவர் பல் விளக்கிக்கொண்டே கையை ஆட்டினார். ஆட்டோக்காரர் தன் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வந்து, மற்ற வண்டிகளை “வழி வுடுபா” என்று அதட்டினார். “ரைட்டுல ஒடி!” “லெஃப்ட்டுல ஒடி!” “நேராக்கு!” யாருடைய ரைட் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எதிரே நிற்பவரின் ரைட் என் லெஃப்ட். பக்கவாட்டில் நிற்பவருக்கு ரைட் என்பது குடோன் சுவர். பல் விளக்கியவர் பேஸ்ட் நுரையோடு சொன்னது இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அவர்தான் ரொம்ப உறுதியாகச் சொன்னார்.

அடியில் பிடித்தேன். கையை நகர்த்தினேன். முன்னால் எடுத்து நேராக்கி, திரும்பவும் விட்டேன். இப்படி முன்னால் எடுப்பதில் வெட்கமே கூடாது என்பது மாமாவின் கட்சி. பழைய டிரைவர்கள் எல்லாரும் எடுப்பார்கள், நாம் பார்க்காதபோது. “ஹோல்டான்!” என்று கிளீனர் கத்த, இரண்டு தட்டு விழுந்தது. எட்டடி அகலப் பெட்டி, இரண்டு பக்கமும் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கும் இடைவெளியோடு உள்ளே நின்றது. யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் தாங்கள்தான் நிறுத்தினோம் என்ற திருப்தியோடு கலைந்தார்கள்.

பெட்டியை இறக்கி முடித்து, நான் முதல் கியர் போட்டு நிமிர்ந்தால் எதிரே புகை. பெஞ்சும் அடுப்பும் பழைய இடத்திலேயே, சந்து வாயை அடைத்துக்கொண்டு. சுற்றிலும் தட்டோடு பத்துப் பேர்.

“ஆயா, வண்டி போவணும்!”

“இட்லி முடியட்டும், போவலாம். வரும்போது ஒரு மணி நேரம் ஆட்டம் காட்டுனியே, நான் எதுனா கேட்டனா?”

மாமா என்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார்.

“வடகறி கீதா ஆயா?”