பஞ்சடைத்த பிராணிகளின் குணம்: ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரம், மலையடிவாரம். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள். ராஜபாளையத்துக்கு நாய்; ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளி ஒன்று, அணில் ஒன்று. ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஒரு பிராணி நினைவுக்கு வரும் வட்டாரம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. போதாததற்கு, 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே நூலுக்கும் குறைவில்லை. பிராணியும் நூலும் ஓரிடத்தில் கிடைத்தால் யாராவது ஒருவர் அந்த நூலால் அந்தப் பிராணியைப் பின்னத்தான் செய்வார். பின்னியதைச் சும்மா வைத்திருக்கவும் மாட்டார், யாருக்காவது கொடுத்துவிடுவார். வாங்கிக்கொண்டவர் வீட்டில் ஒரு வாரத்துக்குள் அது முறைக்கிறது, சிணுங்குகிறது, விருந்தாளி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றெல்லாம் பேச்சு கிளம்பும். பஞ்சும் நூலும் தவிர வேறொன்றும் இல்லாத உடம்புக்குள் இத்தனை குணம் எந்த வழியாகப் புகுந்தது? பல்கலைக்கழகங்கள் இந்தக் கேள்வியைத் தீண்டாமல் விட்டிருப்பது வருந்தத்தக்கது. அக்குறையை நீக்க எழுந்ததே இவ்வாய்வு.

முதலில் எல்லை வகுத்துக்கொள்வது ஆய்வு மரபு. தொழிற்சாலையிலிருந்து பாலிதீன் உறைக்குள் வரும் கரடி இங்கே சேராது. நூறு கரடியை வரிசையாக உட்கார வைத்தாலும் நூறும் ஒரே முகத்தோடு ஒரே திசையைப் பார்க்கும். கையால் பின்னியவையே ஆய்வுக்கு உரியவை. அவற்றுள்ளும் குரோஷா ஊசியில் பிறந்தவற்றுக்கே முதலிடம். இரட்டை ஊசியால் ஸ்வெட்டர் பின்னும் வித்தையை இயந்திரத்துக்கு 1589இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஒற்றைக் கொக்கியால் கண்ணிக்குள் கண்ணி இழுக்கும் குரோஷாவோ இன்றுவரை கைவேலையாகவே நிற்கிறது. ஆகவே உலகத்தின் எந்த மூலையில் ஒரு குரோஷா முயலைக் கண்டாலும், அதற்குப் பின்னால் யாரோ ஒருவருடைய மணிக்கட்டு வலி உண்டு என்று துணிந்து சொல்லலாம்.

ஆனால் இவ்வட்டாரத்துக் கைவேலைப் பிராணிகளில் தலைசிறந்ததற்கு நூலே கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் வீற்றிருக்கும் கிளி நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுவது. உடம்புக்கு மரவள்ளி இலை, அலகுக்கு மாதுளம்பூ, கண்ணுக்குக் காக்காப்பொன், காலுக்கு மூங்கில் குச்சி, சிறகுக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும், வாலுக்கு அரளி மொட்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வாழைநார். பரம்பரையாக இந்தத் தொண்டைச் செய்துவரும் குடும்பத்தாருக்கு ஒரு கிளிக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும். மதுரை மீனாட்சி வலக்கையில் கிளி ஏந்துகிறாள், ஆண்டாள் இடக்கையில் ஏந்துகிறாள் என்னும் வேறுபாடு தனி ஆய்வுக்கு உரியது, இங்கே விரிக்கவில்லை. புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும் சித்திரைத் திருவிழாவின்போது மதுரையில் கள்ளழகருக்கும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை போகும்போது கிளியும் உடன் போகிறது. மற்ற நாட்களில், சாற்றிய கிளி பக்தர் ஒருவர் வீட்டுப் பூஜையறையைச் சென்றடையும். இதற்காக முன்கூட்டியே சொல்லிவைப்பவர்கள் உண்டு.

இதில் பின்னல்காரர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இவ்வளவு நேரம் செலவழித்துச் செய்தவர் அதைத் தன் வீட்டு அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கில்லை. செய்வது கொடுப்பதற்கே, மறுநாள் மறு கிளி. குரோஷா உலகிலோ 'இது முதன்முதலாகப் பின்னினது, இதை மட்டும் கேக்காதீங்க' என்று ஒதுக்கிவைத்த பொம்மைகளாலேயே பாதி அலமாரி நிறைந்திருக்கும்.

குணம் பற்றிய சான்றும் இவ்வூரிலேயே கிடைக்கிறது. ஆண்டாள் பாடிய நாச்சியார் திருமொழியில் கூண்டுக்கிளி ஒன்று வருகிறது. எந்நேரமும் கோவிந்தன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும். தீனியை நிறுத்திப் பார்த்தால், அடங்குவதற்குப் பதில் அவனுடைய இன்னொரு பெயரைப் பிடித்துக்கொண்டு இன்னும் உரக்கக் கூவும். கிளிக்குப் பிடிவாதம் என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பதிவான பண்பு. இன்றைக்குப் பச்சை நூலில் கிளி பின்னுகிறவர்கள் அதற்குச் சாதுவான முகம் வைத்தால் அது வரலாற்றுப் பிழை.

இலைக்கும் நூலுக்கும் இடைப்பட்ட காலத்தை வயர் காலம் எனலாம். வயர் கூடை பின்னிய வீடுகளில் சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் என்று கூடைகள் முடிந்தபின் மிஞ்சிய துண்டுகள் கிளியாகவும் மீனாகவும் மாறி வாசல் நிலையில் தொங்கின. அவை விறைப்பானவை, கட்டிப்பிடித்துத் தூங்க முடியாது, குத்தும். லேஸ் வேலை அதற்கும் முந்தியது. 19ஆம் நூற்றாண்டிலேயே நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் மிஷனரிக் குடும்பத்துப் பெண்கள் கற்றுக்கொடுத்தார்கள். பிற்பாடு கிராஃப்ட் டீச்சர்கள் கையில் குரோஷா ஊசி டிவி கவராகவும் பிரிட்ஜ் கைப்பிடிக்கு உறையாகவும் உழைத்தது. ஜப்பான்காரர்களின் அமிகுருமி பாணி கைபேசித் திரை வழியாக வந்து சேர்ந்தபிறகுதான் அதே ஊசிக்குப் பிராணி பிறந்தது.

இனி வடிவ கணிதம். அமிகுருமி ஒரு சின்ன வளையத்தில் ஆறு கண்ணியோடு தொடங்கும். அடுத்த சுற்று பன்னிரண்டு, அடுத்தது பதினெட்டு. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டையான வட்டம். கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணம். குறைக்கத் தொடங்கினால் உருண்டை மூடிக்கொள்ளும். ஆறுக்குமேல் கூட்டிக்கொண்டே போனால் ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருளும். 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியர் இந்தச் சுருளைக் கொண்டுதான், காகிதத்தில் காட்டித் தீராத அதிபரவளையத் தளத்தை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கும்படி செய்தார். நம் வீடுகளில் கணக்குத் தப்பி அப்படிச் சுருண்டால் 'பூவாக்கிடலாம்' என்று முடித்துவிடுகிறோம்.

ஆக, குரோஷாவின் பிறவி இயல்பு உருண்டை. கரடி, பூனை, கோழிக்குஞ்சு, பிள்ளையார் எல்லாம் தாமாக வரும். ராஜபாளையத்தின் பெருந்துயரம் இங்கேதான் தொடங்குகிறது. பன்றி வேட்டைக்குப் பேர்போன ராஜபாளையம் நாய் உலகத்திலேயே உருண்டைக்கு நேர் எதிரான பிராணி. நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஒடுங்கிய முகம், பால்வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்கள் நான்குக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதில் இடம்பிடித்த நாய், குரோஷா ஊசிக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. காலை அசல்போல் ஒல்லியாகப் பின்னினால் நிற்காது, மண்டியிடும். நிற்கட்டும் என்று தடிமனாக்கினால் லாப்ரடார். உள்ளே கம்பி கொடுத்து நிறுத்துகிறவர்கள் உண்டு. குழந்தைகள் கைக்குப் போகும் பொம்மையில் கம்பி வைப்பதை இவ்வாய்வு ஏற்கவில்லை. வெள்ளை நூல் வேறு. பின்னி முடிக்கும்போதே வயிற்றுப் பகுதி சாம்பல் பூத்துவிடும்.

சாம்பல் என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர் அணில் வந்துவிடுகிறது. இந்த மலை அணிலுக்காக 1988இல் ஏற்பட்ட சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. புலிக்குப் பெரிய பெயர் கிடைத்தாலும் பின்னல் நோக்கில் அணிலே மேல்: நிறம் அழுக்கை மறைக்கும். இடர் வாலில் இருக்கிறது. உடம்பளவுக்கு வால் என்பதால் உட்கார வைத்ததும் பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த அணில்களுக்கு, வாங்கிக்கொண்டவர்கள் ஒரே குணத்தைத்தான் சொல்கிறார்கள்: சோம்பேறி. மரத்துக்கு மரம் தாவும் அசலுக்கு இதைவிட அநியாயம் இருக்க முடியாது.

குணம் நுழையும் வாசல் கண் என்பதில் பின்னுகிறவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. சண்டை, கண்ணை எங்கே வைப்பது என்பதில்தான். பிளாஸ்டிக் கண்ணுக்குப் பின்னால் ஒரு வாஷர் உண்டு. டிக்கென்று ஒருமுறை பூட்டினால் மறுபடி கழற்ற வழியில்லை. பஞ்சடைத்துத் தலையை மூடுமுன் போட்டாக வேண்டும். ஆகவே அனுபவசாலிகள் முதலில் கருப்புக் கொண்டை வைத்த குண்டூசி இரண்டைக் குத்தி, தலையைக் கை நீட்டிப் பிடித்துப் பார்ப்பார்கள். ஒரு வரிசை மேலே ஏற்றினால் முயலுக்கு நாற்பது வயது கூடும். ஒரு வரிசை கீழே இறக்கினால் பால்குடி. நடுவில் ஆறு கண்ணி விட்டால் வெகுளி, நாலாக நெருக்கினால் கடன் வசூலிக்க வந்த முகம். இடக்கண் அரைக் கண்ணி தாழ்ந்துபோனால் அதுதான் பாக்கியம்: அந்தப் பிராணி வாழ்நாளெல்லாம் எதையோ சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கும், அதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். பெரிய தலை, தாழ்ந்த பெரிய கண், உப்பிய கன்னம் ஆகியவற்றைக் கண்டால் மனித மனம் இளகிவிடும் என்று கான்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார். குண்டூசி பிடித்த பெரியம்மாக்கள் லோரன்ஸைப் படிக்காமலே அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு என்றால் பிளாஸ்டிக் கண்ணே கூடாது. பிய்த்து வாயில் போட்டுவிடும். கருப்பு நூலால் தைத்த கண் சற்றுத் தூக்கக் கலக்கமாக இருக்கும், பரவாயில்லை.

நூல் விஷயத்தில் ராஜபாளையத்துக்கு ஒரு வினோத நிலை. மில் கணக்கில், 840 கஜச் சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடையோ அதுதான் நூலின் நம்பர். 60ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டை அவிழ்த்துக்கொண்டே நடந்தால் சுமார் 46 கிலோமீட்டர் வரும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு தடவை போய்த் திரும்பலாம். ஆனால் அந்த மெல்லிய நூலில் முயல் பின்னினால் முயலுக்கு முன் பின்னுகிறவருக்கு வயதாகிவிடும். ஆகவே இத்தனை மில் இருக்கும் ஊரிலும் பிராணிக்கு வேண்டிய தடித்த நூல் பேன்ஸி ஸ்டோரில்தான் வாங்க வேண்டும். உல்லன் என்று சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக், லூதியானா பக்கத்துச் சரக்கு. ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடம்புக்குள் போவதில்தான் உள்ளூர் மணம். தளவாய்புரத்தில் நைட்டி தைத்து விழும் கத்தரிப்புத் துண்டு கொஞ்சம், பழைய தலையணை இலவம்பஞ்சு கொஞ்சம். பூப்போட்ட நைட்டித் துணி வெள்ளை நாயின் கண்ணி இடுக்கில் எட்டிப் பார்ப்பது உண்டு. காது பிய்ந்தால் கவலையில்லை; பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது.

கொடுத்தல் இல்லாமல் இந்தக் கலையே இல்லை என்பதற்கு வெளிநாட்டுச் சான்று இரண்டு போதும். ஜெர்மனியில் மார்கரெட் ஸ்டைஃப் 1880இல் கம்பளித் துணியில் யானை செய்தது ஊசி குத்திவைக்கத்தான். வேண்டியவர்களுக்குக் கொடுத்தார், பிள்ளைகள் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு விளையாடத் தொடங்கிவிட்டார்கள், அதிலிருந்து ஒரு பொம்மைக் கம்பெனியே கிளம்பியது. 2013இல் டென்மார்க்கில் குறைமாதக் குழந்தைகளுக்காகத் தன்னார்வலர்கள் குரோஷா ஆக்டோபஸ் பின்னிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் சுருள் கால்களைத் தொப்புள்கொடிபோல் பற்றிக்கொண்டால் குழந்தை மருத்துவக் குழாய்களைப் பிடித்து இழுக்காது என்பது அவர்கள் எண்ணம். நம் வட்டாரத்தில் வழக்கம் எளிமையானது. ஊருக்குப் போகிறவர் பையில் பால்கோவா டப்பா, டப்பாவுக்கு மேல் அணில். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்கு அன்றே ஆயுள் முடியும். அணில் வால் மட்டும் கசங்கி உயிர் வாழும்.

எஞ்சியிருப்பது வகைப்பாட்டுச் சிக்கல். பின்னியவர் எந்த இனம் என்று நினைத்தாரோ அது செல்லாது. பெற்றுக்கொண்ட பிள்ளை என்ன சொல்கிறதோ அதுவே இனம். ஒரு மாதம் கால் நிமிராமல் போராடி முடித்த வெள்ளை நாயை நீட்டுகிறார்கள்.

"இந்தாடா, நம்ம ஊரு நாய்."

"ஆட்டுக்குட்டி, பெரியம்மா."

"நல்லாப் பாரு, மூக்கு ரோஸா இருக்கு பாரு."

"ஆட்டுக்குட்டிக்கும் ரோஸாத்தான் இருக்கும்."

வாதத்தில் குறை சொல்ல இடமில்லை. அன்று மாலைக்குள் கழுத்தில் மணி ஏறிவிடும். அடுத்த வாரம், குட்டிக்குப் பசிக்கிறதாம், தழை வேண்டுமாம் என்று போன் வரும். பெரியம்மா பச்சை நூல் எடுத்து இலை பின்ன உட்காருவார்.