தைலத்துக்குக் காசு எந்தத் தலைப்புல வரும் மாப்ளே?

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. சுவடி நூலகத்துல பாதுகாப்புப் பிரிவுக்கே உன்னை அதிகாரியாப் போட்டுட்டாங்கன்னு உங்கம்மா ஊரு பூரா சொல்லிட்டா. சந்தோசம். மூஞ்சியிலதான் களையைக் காணோம். என்ன, பட்ஜெட்டா?

சிறப்புத் திட்டத்துக்கு நிதி கேட்டு நீ எழுதுன கருத்துருவை நேத்து வாசிச்சுக் காட்டுனியே, கேட்டேன். பக்கத்துக்குப் பக்கம் 'மின்னணுவாக்கம்' வருது. ஓலையில தடவுற புல்தைலம் ஒரு இடத்துல கூட வரலை. பெரிய ஆளுதான்டா நீ. படம் எடுத்துட்டா ராமபாணப் பூச்சிக்குப் பசி அடங்கிரும்னு கண்டுபிடிச்சிருக்கியே!

உன் மேல குத்தமில்லை. காசு குடுக்கிறவனுக்கு ஸ்கேனர்தான் பிடிக்கும். அதுக்கு ரிப்பன் வெட்டலாம், குத்துவிளக்கு ஏத்தலாம், மறுநாள் பேப்பர்ல போட்டோ வரும். தைலப் புட்டிக்கு எந்த மந்திரி வந்து ரிப்பன் வெட்டுவாரு? மாடு வாங்கக் கடன் குடுக்கிற பேங்க்கு, வைக்கோலுக்குக் குடுத்து நான் பாத்ததில்லை. பஞ்சாயத்துத் தலைவரா இருந்தப்பவே எனக்கு அந்த ஞானம் வந்துருச்சு.

போன தடவை வந்தப்ப நம்ம வீட்டு ஓலைக்கட்டைப் பிரிச்சியே, நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். கயித்தை அவுத்தே. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்த ஓலையை மூச்சு விடாமப் பிரிச்சே. மெல்லிசு பிரஷ்ஷால தூசியைத் தள்ளி, பஞ்சுல தைலம் தொட்டுத் தடவுனே. எழுத்து மங்குன இடத்துல விளக்குக்கரியைத் தேச்சுத் துடைச்சதும் நாலு வரி மருந்துக் குறிப்பு பளிச்சுன்னு எந்திரிச்சு வந்துச்சு. மறுபடி கயித்தைக் கோத்து, மேலயும் கீழயும் பலகை வச்சு, சிவப்புத் துணியில சுத்துறதுக்குள்ள பொழுது சாஞ்சுருச்சு. ஒரே ஒரு கட்டு! அந்த நிதானமான கைக்குக் கூலியை உன் கருத்துருவுல எங்க போட்டிருக்கே? கடைசிப் பக்கத்துல, 'இதர செலவுகள்'. ஆடிட்டர் முதல்ல சிவப்பு மை வைக்கிற இடம் அதுதான் ராசா.

இடத்தை மாத்து. துடைக்காத ஓலையைப் படம் எடுத்தா எழுத்துத் தெரியாது, தெரியுமில்லே? அப்பக் கூலி, தைலம், பிரஷ், துணி, அமிலமில்லாத அட்டைப்பெட்டி அத்தனையையும் 'படமெடுப்பதற்கு முந்தைய ஆயத்தப் பணி'ன்னு ஒரு தலைப்புல கொண்டா. ஒரு சுவடிக்கு ஆகுற செலவு இவ்வளவுன்னு கணக்கா எழுது. இதுல பொய்யே கிடையாது. ஆபீஸ் பாசையில கேக்கிறே, அவ்வளவுதான்.

டெல்லிக்காரங்க காசு குடுப்பாங்கன்னு நம்பியிருக்கே. குடுப்பாங்க. 2025-26 பட்ஜெட்டுல சுவடிப் பணிக்கு ஞானபாரதம்னு பேரு வச்சு, 3.5 கோடி ரூவாயா இருந்த ஒதுக்கீட்டை 60 கோடியா ஏத்துனாங்க. 1 கோடிக்கும் மேல சுவடியைக் கணக்கெடுத்துக் காப்பாத்தணும்னு இலக்கு. நான் படிக்காதவன், கூட்டிப் பெருக்கிப் பாத்தேன். அந்த வருசத்துக் காசு, சுவடி ஒண்ணுக்கு 60 ரூவா வருது. டீயும் வடையும் போக மிச்சத்துல சுவடியைக் காப்பாத்திரு.

லண்டன் பிரிட்டிஷ் நூலகம் 2004-லேருந்து அழியப்போற ஆவணங்களைக் காப்பாத்த மானியம் குடுத்துக்கிட்டிருக்கு. நல்ல திட்டம், நான் குறை சொல்லலை. மூலம் நாட்டை விட்டு வெளிய போகக்கூடாது, படம் எடுத்தாப் போதும்ங்கிறது அவங்க கொள்கை. நியாயந்தான். ஆனா வெள்ளைக்காரன் படத்தோட கிளம்பிட்டான்னா, ஓலையும் பூச்சியும் உன் பொறுப்புலதானே நிக்கும்? ஒண்ணு கவனி, அங்க முன்னோட்டத் திட்டத்துக்குன்னு சின்ன மானியம் தனியா உண்டு. முதல்ல அதைக் கேளு. எந்தச் சுவடி அச்சுல வந்துருச்சு, எது உலகத்துலயே ஒத்தைப் பிரதி, எது நாளைக்கே பொடியாயிரும்னு ஒரு கணக்கெடுப்பு நடத்து. அந்தக் கணக்கு கையில இருந்தா, பெரிய காசு கேக்கும்போது நாக்குக் குழறாது. 'எல்லாமே அரிய பொக்கிசம்'னு எழுதுறவனை எவனும் நம்பமாட்டான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுசு பூரா புத்தகமாச் சேத்துட்டு 1992-ல கண்ணை மூடுனாரு. 1994-ல சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிச்சு. சேகரிப்பு அமெரிக்காவுக்குப் போகலை, சென்னையிலயே ஆராய்ச்சி நூலகமா இருக்கு. வாங்குனதோட விட்டிருந்தா அன்னைக்கே செல்லரிச்சிருக்கும். பட்டியல் போட்டு, மைக்ரோஃபிலிம் எடுத்து, பராமரிக்க ஆளும் வச்சாங்க பாரு, அதைப் படிச்சுக்க.

இன்னொண்ணு. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டுனா பூஞ்சைக்குக் கொண்டாட்டம்னு நீதான் சொன்னே. அதுக்கு மெஷின் கேட்டிருக்கே, சரி. மெஷின் ஒருக்காத்தான் வாங்குவே, கரண்டு பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கதவைத் தட்டும். திட்டம் முடிஞ்ச பெறகு யாரு கட்டுவா? வாங்கும்போதே அஞ்சு வருசப் பராமரிப்பையும் சேத்து ஒப்பந்தப்புள்ளி கேளு. கரண்டு பில்லை 'நிறுவனத்தின் பங்கு'ன்னு காட்டி, மேலதிகாரிகிட்ட இப்பவே கையெழுத்து வாங்கிரு. அவரு நாளைக்கு மாறிப் போனாலும் கையெழுத்து மாறாது. எடுத்த படத்துக்கும் வைக்கோல் வேணும்டா. ஹார்டு டிஸ்க் சாகும், வேற டிஸ்க்குக்கு மாத்திக்கிட்டே இருக்கணும், ஒரு பிரதியை வேற ஊர்ல வைக்கணும். அந்தச் செலவையும் எழுது.

கூரை ஒழுகுதுன்னு வேற சொன்னே. அதைச் சரி பண்ணாம மெஷினை இறக்குனேன்னா, நான் ஊர்ச் சாவடியில உக்காந்து உன்னைப் பத்திப் பாட்டுக் கட்டுவேன், பாத்துக்க.

கிளம்பு. பில்லையெல்லாம் பிப்ரவரிக்குள்ள அனுப்பிரு. மார்ச் 31 தாண்டுனா செலவழிக்காத காசு திரும்பிப் போயிரும். பயனீட்டுச் சான்றிதழ் குடுக்காதவனுக்கு அடுத்த தவணை வராது.