கப்பலேறும் தம்பதியர் இலக்கணம்

பாயிரம்

தேயிலைச் செடிக்கு நோய் கண்டால் அதை ஆராய்வதற்கென்று 1925ஆம் ஆண்டு முதல் இலங்கையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்து வருகிறது. இலையில் கொப்புளம் வந்தால் அதற்கு மருந்து என்ன, வேரில் பூச்சி விழுந்தால் அதற்குப் பரிகாரம் என்ன என்று தலவாக்கலையிலுள்ள அந்நிலையத்து வித்துவான்கள் விடை சொல்வார்கள். ஆனால் அந்தச் செடியை வளர்த்த ஆணும் பெண்ணும் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சமுத்திர யாத்திரை புறப்படுவார்களாயின், அப் புறப்பாட்டின் இலக்கணம் யாது, வகை எத்தனை, அவற்றுள் நெடியது எது என்று விசாரிப்பதற்கு ஒரு நிலையமும் இல்லை, ஒரு நூலும் இல்லை. இக்குறையை இயன்ற அளவு நீக்கும்பொருட்டு, ஊவா மாகாணத் தோட்டங்களை ஆதாரமாகக் கொண்டு இவ்வாராய்ச்சி எழுதப்படுகிறது.

பொருள் வரையறை

ஊவாவை ஏன் தேர்ந்தெடுத்தீர் என்று கேட்பார்க்குச் சொல்லுதும். கடற்கரையில் வசிப்பவன் கப்பலேறுவதில் விசேஷம் ஒன்றுமில்லை. பதுளையிலிருந்து புறப்படுகிறவனோ கடலுக்கு இறங்குவதற்காக முதலில் மலையேற வேண்டியிருக்கிறது. 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரெயில்பாதையில், கோச்சியானது தெமோதரையை அடையும்போது, அவ்வூர் நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் முதலில் நுழைந்து, மலையை ஒரு வட்டம் சுற்றி, அதே நிலையத்தின் மேடையில் வந்து நிற்கும். பிறகு பண்டாரவளை, அப்புத்தளை என்று ஏறிப் பட்டிப்பொலைக்கு அருகே 6,226 அடி உயரத்தைத் தொட்ட பின்னரே கீழே இறங்கத் தொடங்கும். இங்ஙனம் புறப்படும்போதே சுற்றவும் ஏறவும் விதிக்கப்பட்டவர்களே ஆராய்ச்சிக்கு உரியவர்கள் என்பது எமது துணிபு.

தம்பதியர் என்றமையால் தனியாட்கள் நீக்கப்பட்டனர். 1890இல் ஆஸ்திரேலியாவுக்கு என்று சொல்லிக் கப்பலேறி, நடுவழியில் கொழும்பில் இறங்கி, அப்புத்தளைக்கு மேலே டம்பதென்ன முதலிய தோட்டங்களை வாங்கிய ஸர் தாமஸ் லிப்டன், பின்னர்ப் பாய்க்கப்பற் பந்தயத்துக்காகவே அட்லாண்டிக்கைத் திரும்பத் திரும்பக் கடந்தவராயினும், ஆயுள் முழுவதும் விவாகம் செய்யாதிருந்த காரணத்தால் இந்நூலில் இடம்பெறும் தகுதியை இழக்கிறார்.

முதல் வகை: துரையும் துரைசாணியும்

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரரும் அவர் மனைவியுமாகிய இவர்கள் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஆறுமாதச் சம்பள விடுமுறையில் சீமைக்குப் போய் வந்தவர்கள். பி அண்டு ஓ, ஓரியண்ட், பிபி ஆகிய கம்பெனிகளின் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்தில் இவர்களை ஏற்றிக்கொண்டன. அங்கிருந்து ஏடன் சுமார் 2,100 கடல் மைல். அதன்பின் செங்கடலும் 1869இல் திறந்த சூயஸ் கால்வாயும் கடந்தால் போர்ட் ஸையித். கீழ்த்திசைக்கு வந்த துரைமார் வெயில் தொப்பி வாங்கிய ஸைமன் ஆர்ட்ஸ் கடை அங்கேதான் இருந்தது. ஆகக் கடலில் மட்டும் போகும்போது மூன்று வாரம், வரும்போது மூன்று வாரம்.

இவ்வகையாரின் புறப்பாட்டில் உற்று நோக்கத்தக்கது பெட்டிகளில் ஒட்டும் சீட்டு. ‘பிரயாணத்தில் வேண்டியது’ என்று எழுதிய சீட்டு ஒட்டிய பெட்டி எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கும்; ‘பிரயாணத்தில் வேண்டாதது’ என்ற சீட்டு ஒட்டியது கப்பலின் அடிவயிற்றுக்குப் போகும். உலகத்துப் பொருள்கள் யாவற்றையும் வேண்டியது, வேண்டாதது என இரண்டாகப் பகுத்த இத் தத்துவம் நம் வேதாந்திகளுக்கும் எட்டாதது. அவர்கள் வேண்டாததை விட்டுவிடச் சொன்னார்களே யல்லாமல், பெட்டியில் போட்டு உடன் கொண்டுபோகச் சொன்னாரில்லை.

பங்களாவில் வேலைக்கார அப்பு வெள்ளிக் கரண்டிகளை எண்ணி உறையிலிட, துரைசாணி மறுமுறை எண்ண, நாய்கள் அடுத்த தோட்டத்துத் துரையின் பொறுப்பில் விடப்பட, பதில் துரை ஒருவர் வந்து சேர, கங்காணிமார் மாலை போட, எல்லாம் முடிந்தபின் துரைசாணி அலுமாரியைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொள்வாள். இச்சாவியை வாசகர்கள் மறக்காதிருக்க வேண்டுகிறோம்.

இரண்டாம் வகை: லயத்துத் தம்பதியர்

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எந்நாட்டாருமல்லாது போன இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரைப் பற்றி, 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் யோசிக்கலாம் என்பது அதன் சாரம். 1974இல் யோசித்துச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சகோதரர் வீட்டில் பாகப் பிரிவினை நடக்கும்போதும் அண்டா குண்டாக்களை இவ்வளவு சுத்தமாகப் பிரித்ததில்லை.

இந்தத் தம்பதியருக்குக் கடற்பாதை சிறிது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி இருபத்திரண்டு மைல் அளவே. ஆயினும் ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள், டிசம்பர் மாதத்துப் புயல் தனுஷ்கோடியைக் கடலோடு சேர்த்துவிட்டபடியால், கப்பல் இராமேசுவரத்துக்குப் போகலாயிற்று. பதுளைக் கோச்சியில் ஏறிப் பொல்காவலையில் திசைமாறி, மாகோ, மதவாச்சி வழியாகத் தலைமன்னார் துறைக்குப் போய், ‘இராமானுஜம்’ என்னும் கப்பலில் சில மணி நேரம் இருந்தால் அக்கரை. வழியனுப்ப வந்தவர்கள் மேடையில் புரண்டு அழுததனால் அந்த ரெயிலுக்கு மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வழங்கிற்று. துரையின் கப்பலுக்கு எத்தனையோ பெயருண்டு. இப்படிப்பட்ட பெயர் ஒன்றும் அமைந்ததில்லை.

இவ்வகையார் பெட்டி கட்டும் முறையை விளக்கப் பசறைப் பக்கத்தில் லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீடு ஒன்றில் நிகழத்தக்க சம்பாஷணையைக் காட்டுதும். தகரப் பெட்டியின்மேல் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும் புருஷனிடம் மனைவி அம்மியை நகர்த்திக்கொண்டு வருகிறாள்.

“ஏங்க, இதையும் சேத்துக் கட்டுங்க.”

“அடி இவளே, அக்கரையில கல்லா கெடைக்காது?”

“கெடைக்கும். காசு யாரு குடுப்பா, ஒங்க பெரிய தொரையா?”

அம்மி கட்டப்பட்டது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியையும் அவன் பேசாமல் அதனுடன் செருகினான். ‘வேண்டியது’, ‘வேண்டாதது’ என்னும் சீட்டுகள் இங்கே ஒட்டுவதற்கில்லை. வேண்டாதவர் யார் என்பது ஒப்பந்தத்திலேயே தீர்ந்துபோயிற்று. கத்தி வீணாகவுமில்லை. அக்கரையில் மண்டபம் முகாமில் இறங்கியவர்களிற் பலருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. தேயிலையை விட்டுப் பிரிந்து கடல் கடந்தவர்கள் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

சாவியோ, கோச்சி ஏறுமுன் தோட்டத்து ஆபீசில் கொடுக்கப்பட்டது. லயத்துக் காம்பிரா அடுத்த குடும்பத்துக்கு ஆயிற்று. ஆகவே, சாவியைக் கைப்பையில் கொண்டுபோவது உல்லாசம், ஆபீசில் கொடுத்துவிட்டுப் போவது பிரயாணம் என்னும் சூத்திரம் இங்கே பிறக்கிறது.

ஆட்சேபமும் சமாதானமும்

மூன்று வாரக் கடலையும் மூன்று மணிநேரக் கடலையும் ஒரே தராசில் நிறுப்பது எவ்வாறு பொருந்தும் என்று ஆட்சேபிப்பார் உளர். துரைக்கு மாதங்கள் கப்பலேறிய பின் கழிந்தன. தொழிலாளிக்குக் கப்பலேறுமுன் கழிந்தன. விண்ணப்பம் எழுதியது, சாட்சிக்கு ஆள் தேடியது, கண்டிக்கும் பதுளைக்கும் அலைந்தது, கடவுச்சீட்டு வந்தபின் சேமலாப நிதிப் பணத்துக்குக் காத்திருந்தது ஆகிய இவற்றையும் பிரயாண காலத்தில் சேர்த்து எண்ணுவதே நியாயம். ஒப்பந்தக்காரர்களே பதினைந்து ஆண்டு தவணை வைத்திருந்தார்கள்.

மூன்றாம் வகை: பெட்டி கட்டியும் புறப்படாதவர்

முன்னைய இரு வகைகளோடு ஆராய்ச்சி முடிந்ததென்று நினைத்திருந்த வேளையில் எதிர்ப்பட்டது இவ்வகை. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்று, உறவினரிடம் விடைபெற்று, முறை வருமென்று காத்திருந்த தம்பதியர் பலர் இருக்க, 1984இல் உள்நாட்டு யுத்தத்தின் காரணமாகக் கப்பல் நின்றுபோயிற்று. அவர்கள் இந்தியராய் இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார்கள். 2003ஆம் ஆண்டின் சட்டம் அவர்களை இலங்கைப் பிரஜைகள் என்று ஏற்றுக்கொண்டபோது, புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர்ந்தார்கள். சாவி கையில் இருந்தும் வீடு தம்முடையதா என்று சொல்லமுடியாத நிலையில் அவர்கள் இருந்தமையால், மேற்சொன்ன சூத்திரம் இங்கே செல்லாதென்று கொள்க.

சித்தாந்தம்

1922இல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ‘லக்கோனியா’ என்னும் கப்பல் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு நான்கு மாதத்துக்கு மேற்பட்ட காலத்தில் உலகத்தைச் சுற்றி வந்ததைப் பெரிய சாதனையாகப் பேசுகிறார்கள். ஊவாவில் கடவுச்சீட்டோடு காத்திருந்தவர்களின் யாத்திரை பத்தொன்பது ஆண்டு. காலில் ஒருதுளி உப்புநீரும் படாமல் அதை நிறைவேற்றினார்கள். ஆதலால் உலகத்து நெடும்பயணச் சாதனைகளைப் பதிவு செய்யும் புத்தகக்காரர்கள் அடுத்த பதிப்பில் இவர்களை முதல் வரிசையில் சேர்க்கவேண்டும் என்றும், அவ்வாறு சேர்க்கும்போது புறப்பட்ட துறை, சேர்ந்த துறை ஆகிய இரண்டு கட்டங்களிலும் பதுளை என்று எழுதிவிட்டு, கப்பலின் பெயருக்குரிய கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடலாம் என்றும் இவ்வாராய்ச்சி சிபாரிசு செய்கிறது.