பையப் போனா காமரா என்னல செய்யும்?

ஏல பேராண்டி, என்னத்துக்கு இப்படிக் கொதிக்க? ரோட்டுல காமரா வச்சிட்டாவளாம். தனிமனுச சொதந்திரம் போச்சாம். அந்தரங்கம் போச்சாம். ஏம்ல, காலைல தின்ன இட்லியப் போட்டோ புடிச்சி ஒலகத்துக்கே காட்டுதவன் நீ. எங்க போற, யாரு கூடப் போற, என்ன சட்ட போட்டிருக்க, எல்லாம் போன்ல ஏத்தியாச்சி. உன் வண்டி நம்பர்தான் ஊருக்குத் தெரியாத ரகசியமோ? நாலு பேருக்குத் தெரியணும்னுதாம்ல அத முன்னையும் பின்னையும் எழுதி மாட்டியிருக்கு!

உன் சேக்காளி ஒருத்தன் நம்பர் பிளேட்ட மேல மடக்கி விட்டுக்கிட்டுத் திரியுதான். அவந்தான் டீக்கடைல ஒக்காந்து அரசியல் சட்டம் பேசுதான்.

அதவிடப் பெரிய கூத்து ஒண்ணு பாத்தேன். போனுக்குள்ள இருந்து ஒரு பிள்ள "முன்னால காமரா இருக்கு"ன்னு சொல்லுது. ஒடனே பிரேக்கு. காமராவத் தாண்டுனதும் ஒரே முறுக்கு. காவக்காரன் தல தெரியும்போது மட்டும் பயித்த விட்டு வாய எடுக்கும்லா வெள்ளாடு, அந்த மாதிரி. இப்ப அதுக்கும் ஒரு வித்த வந்துட்டு, கேட்டியா? இங்கன ஒரு காமரா. 30 கிலோமீட்டர் தள்ளி அங்கன ஒரு காமரா. இத எப்பத் தாண்டுன, அத எப்பத் தாண்டுன, அவ்வளவுதான் கணக்கு. கால் மணி நேரத்துல போயிச் சேந்திருந்தா 120ல பறந்திருக்க. நடுவுல பிரேக்கு போட்டா என்ன, கும்பிடு போட்டா என்ன?

வேகத்த அளக்குத காமராவக் கண்டுபிடிச்சவன் யாருன்னு நெனைக்க? போலீசுக்காரன்னா? இல்லல. மாரிஸ் கட்சோனிடிஸ்னு ஒரு டச்சுக்காரரு. கார் ரேசுக்காரரு. 1953ல மாண்டே கார்லோ ராலிய ஜெயிச்சவரு. வளைவுல எவ்வளவு வேகத்துல திரும்புதோம், இன்னும் எப்படி வெரசாப் போலாம்னு பாக்கதுக்காக அளவெடுக்குத கருவியச் செஞ்சாரு. அதான் பெறவு போலீசு கைக்குப் போச்சி. வேகப் பைத்தியம் புடிச்சவன் செஞ்ச சாமான வச்சி வேகப் பைத்தியங்களையே புடிக்காவ. எனக்கு இது ரொம்பப் புடிச்சிருக்கு.

சரி, நமக்கு மேக்க வா. செங்கோட்டைலேருந்து புளியரை தாண்டி மலையேறுனா ஆரியங்காவு, கேரளம். அங்க 2023 ஏப்ரல்ல 232 கோடி ரூவா திட்டத்துல 726 காமரா வச்சாவ. அப்ப முதல் மந்திரியா இருந்த பினராயி விஜயன் தொடங்கி வச்சாரு. ஜூன் 5லேருந்து அபராதம். ஏஐ காமராவாம். எதிர்க்கட்சிக்காரவ ஊழல்னு சொல்லி ஹைகோர்ட்டு ஏறுனாவ. அது அவங்க பாடு. நான் சொல்ல வந்தது வயநாட்டுக் கதை.

அம்பலவயல்னு ஒரு ஊரு. கரண்டு ஆபீசு ஜீப்பு ஒண்ணு. கம்பியில ஒரசுத கொப்ப வெட்டணும்லா? அதுக்காக ஜீப்பு மேல நீளமா ஒரு தொரட்டியக் கட்டிக்கிட்டுப் போயிருக்காவ. தொரட்டிய மடக்கிச் சட்டப்பையிலயா வைக்க முடியும்? காமரா படம் புடிச்சிட்டு. சாமான் வெளிய நீட்டுனதுக்கு 20,000 ரூவா, சீட்டு பெல்ட்டு போடாததுக்கு 500. ஆக 20,500ன்னு வந்துட்டு நோட்டீசு.

கரண்டு ஆபீசு சும்மா இருக்குமா? கல்பற்றாவுல மோட்டார் வாகனத் துறை ஆபீசு. அந்தச் சில்லாவுல காமராவ எல்லாம் பாத்துக்கிடுதது அங்கனதான். அவங்க கரண்டு பில்லு கட்டாமக் கெடந்துச்சு. கொஞ்ச நாள்ல போயி ஃபியூசப் புடுங்கிட்டாவ! செயற்கை அறிவு இருட்டுல ஒக்காந்திருந்துச்சு பேராண்டி. பெறவு அந்த 20,000த்த ரத்து பண்ணிட்டு 500 மட்டும் கட்டச் சொன்னாவளாம்.

இதுல நீ சிரிக்க வேண்டிய எடம் வேற. காமரா படத்தோட நின்னுக்கிடும். அந்தப் படத்த ஆளுவ ஒக்காந்து பாத்து, வாகன அதிகாரி சரின்னு சொன்ன பெறவுதான் நோட்டீசு போவும். அப்ப அந்தத் தொரட்டிய மனுசக் கண்ணும் பாத்திருக்கும்லா? செயற்கை அறிவ ஏன் வைய? இயற்கை அறிவு அன்னைக்கு லீவுல போயிருந்துச்சோ?

ஆக அரசாங்கத்துக்கு நான் வக்கீலு இல்ல. சட்டம் அவங்களுக்கும் கட்டுப்பாடு வச்சிருக்கு. 2021 ஆகஸ்டுல மத்திய மோட்டார் வாகன விதில 167ஏன்னு ஒண்ணச் சேத்தாவ. காமரா சரியா வேல செய்யுதான்னு வருசா வருசம் சான்று வாங்கணும். காமரா இருக்குன்னு கண்ணுக்குத் தெரியுத மாதிரி போர்டு வைக்கணும். குத்தம் நடந்த 15 நாளைக்குள்ள நோட்டீசு அனுப்பணும். போர்டே இல்லாம புதருக்குள்ள ஒளிச்சி வச்சா போயிக் கேளு. ரெண்டு மாசம் கழிச்சித் தகவல் வந்தா சண்ட போடு. அது சண்டை. நீ இப்பப் போடுதது சிணுங்கல்.

சென்னைல அப்படித்தான் ஒரு சண்ட வந்துச்சு. 2023 ஜூன்ல வேகத்த அளக்குத காமராவ நாட்டிட்டு, பகல்ல 40தான் போவணும்னாவ. அம்புட்டு அகல ரோட்டுலயும் 40ஆன்னு சனம் கேட்டுச்சு. கேட்டதுல நியாயம் இருந்துச்சு. நவம்பர்ல மாத்திட்டாவ. காருக்கு 60, பைக்குக்கும் பஸ்சு லாரிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவுல எல்லாருக்கும் 30. காமராவ ஒடைக்காம கணக்கத் திருத்துனாவ பாத்தியா? அதான் புத்தி.

கஜானாவ நெரப்பத்தான் காமரான்னு ஒரு பேச்சு. இருக்கட்டும்டே. ஊரே கூடி ஒரு மாசம் பையப் போனா கஜானாக்காரன் கைய நக்கிக்கிட்டுல்லா இருப்பான்? அரசாங்கத்தப் பழிவாங்க இதவிடச் சல்லிசான வழி உண்டா? அத மட்டும் எவனும் செய்ய மாட்டான்.

அப்படி என்னதாம்ல அவசரம்? 50 கிலோமீட்டர் போவணும்னு வையி. 60ல போனா 50 நிமிசம். 80ல போனா முப்பத்தேழரை. மிச்சம் பன்னெண்டரை நிமிசம். அத வச்சி என்ன செய்வ? போயி எறங்குன ஒடனே அரை மணி நேரம் போன நோண்டுவ. வேகம் ரெண்டு பங்கானா, பிரேக்க அமுக்குன பெறவு வண்டி நிக்க நாலு பங்கு தூரம் வேணும். பள்ளிக்கூடத்துல சொல்லித் தந்தாவளா இல்லியா? குறுக்க வார பசுமாட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது. உனக்குமா தெரியாது?

2022ல இந்த நாட்டுல ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேரு. அதுல நூத்துக்கு 71 பேரு வேகத்துனால போனவங்க. நம்ம தமிழ்நாட்டுல மட்டும் 17,884 பேரு. இத நான் கேலியாச் சொல்லல.

இன்னும் ஒண்ணு கேளு. மேக்க வச்ச 726 காமராவுல வேகத்தப் பாக்கது வெறும் 8. சிவப்பு விளக்கத் தாண்டுதவனப் பாக்கது 18, கண்ட எடத்துல வண்டிய நிறுத்துதவனப் பாக்கது 25. மிச்சம் 675ம் என்ன பாக்கு தெரியுமா? தலைல ஹெல்மெட்டு இருக்கா, நெஞ்சுல பெல்ட்டு இருக்கா, காதுல போனு இருக்கா, அம்புட்டுத்தான். நாளைக்கு வண்டியெடுத்துக் கொல்லம் போறேன்னு உங்கம்மைகிட்டச் சொன்னியாம். ஹெல்மெட்டு திண்ணைலதான் கெடக்கு. எடுத்து மாட்டிக்க. மலை எறக்கத்துல பையப் போ.