‘நானா சார்?’: சிறார் கால்பந்தில் ஆள் மாற்றும் கலை, புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பழம்பெருமை குறித்து எழுத ஆள் பஞ்சமில்லை. சித்தன்னவாசல் ஓவியத்துக்கும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டுக்கும் அறிஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் குறுவட்டக் கால்பந்துப் போட்டியின் கடைசி ஐந்து நிமிடத்தில், ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் பள்ளி அணி பையன்களை மாற்றி மாற்றி வெளியே அழைப்பதும் உள்ளே அனுப்புவதுமாக இருக்கும் நிகழ்வை அறிவுலகம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள் இது: அணி முன்னிலையில் இருக்கும்போது பி.இ.டி. சாருக்கு, கோட்டோரம் உட்கார்ந்திருக்கும் எக்ஸ்ட்ரா பிளேயர்கள்மீது திடீர்ப் பாசம் சுரக்கிறது. அணி பின்தங்கினால் அந்தப் பாசம் வற்றிவிடுகிறது.

2. முன்வரலாறு

உலகக் கோப்பையில் ஆள் மாற்ற முதன்முதலில் அனுமதி கிடைத்தது 1970இல். மெக்சிகோவும் சோவியத் ஒன்றியமும் மோதிய தொடக்க ஆட்டத்தில் அனதோலி புசாச் மாற்று வீரராக வந்தார். வந்தது இடைவேளையில். ஆக, அந்த முதல் மாற்று ஒரு நொடியைக்கூட வீணாக்கவில்லை. இக்கலை அன்று தவழும் பருவத்தில் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இன்று பெரியவர்களின் பெரும்போட்டிகளில் ஐந்து பேரை மாற்றலாம். இடைவேளை நீங்கலாக மூன்று தடவைக்குள் அதை முடித்துவிட வேண்டும். கொரோனாக் காலத்தில், 2020இல், வந்த ஏற்பாடு இது. சிறார் ஆட்டத்தின் கதை வேறு. அந்தந்த நாட்டுச் சங்கம் ஒப்புக்கொண்டால், வெளியே போனவன் திரும்ப வரலாம், வந்தவன் மறுபடி போகலாம். எல்லாப் பிள்ளைகளும் ஆட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட விதி. நல்லெண்ணத்தில் ஓட்டை எங்கே இருக்கும் என்பது ஆய்வாளருக்குத் தேடினால் தெரியும், பி.இ.டி. சாருக்குத் தேடாமலே தெரியும்.

3. அளவை

நம் முன்னோர் கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 நொடி. சுமாரான திறமை உள்ள பையன் மைதானத்தை விட்டு வெளியேற ஒரு விநாழிகை எடுத்துக்கொள்வான், தேர்ந்தவன் இரண்டு. 2022 நவம்பர் 21 அன்று கத்தாரில் நடந்த இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தில் முதல் பாதிக்கு 14, இரண்டாம் பாதிக்கு 10 என்று கூடுதல் நிமிடங்கள் அறிவிக்கப்பட்டன. கூட்டினால் சொல்லிவைத்தாற்போல் ஒரு நாழிகை. ஃபிஃபா நம் கால அளவைக்குத் திரும்பிவிட்டது என்று அறிவிக்க ஆய்வாளருக்கு ஆசைதான். ஈரான் கோலிக்குப் பட்ட அடியும் அதில் சேர்த்தி என்பதால் அடக்கிக்கொள்கிறார்.

மாற்றின் பலம் அதன் சிறுமையில் இருக்கிறது. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு இருபது சேர்ந்தால்தான் ஓரணா. ஒரு காசு தொலைந்தால் யாரும் தேடுவதில்லை. அரை நிமிடத்தையும் யாரும் தேடுவதில்லை. 30 நிமிடப் பாதியில் எட்டு மாற்று, தலைக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் நான்கு நிமிடம் போயே போய்விட்டது.

4. வகைப்பாடு

அ. ‘நானா சார்’ வகை. ஆசிரியர் கோட்டோரம் நின்று “ஏழாம் நம்பர், வெளிய வாடா!” என்பார். ஏழாம் நம்பர் நெஞ்சில் கை வைத்து, “நானா சார்?” என்பான். “நீ இல்லடா, பதினேழு!” பதினேழும் “நானா சார்?” என்பான். இருவருக்கும் முதலிலேயே தெரியும். இதற்கு ஒத்திகை உண்டு.

ஆ. தொலைமுனை வகை. வெளியே அழைக்கப்படுபவன் எப்போதும் எதிர்க் கோட்டருகேதான் நிற்பான். இதைத் தடுக்க, அருகிலுள்ள எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியேற வேண்டும் என்று 2019இல் சர்வதேச விதி மாற்றப்பட்டது. விதியை எழுதியவர்கள் நம் மைதானங்களைப் பார்த்ததில்லை. சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் சீமைக்கருவேலம் நிற்கிறது. வெறுங்காலோடு ஆடும் பையன் அதைக் காட்டிவிட்டுக் குறுக்கே நடந்து வருகிறான். எந்த ரெஃப்ரி மறுக்க முடியும்?

இ. ஜெர்சி வகை. அணிக்கு இருப்பது பதினோரு ஜெர்சி, கோலியுடையது உட்பட. போகிறவன் கழற்ற வேண்டும், வருகிறவன் மாட்ட வேண்டும். வியர்வையில் ஒட்டிய ஜெர்சி லேசில் வராது. பூட்ஸும் பொது என்றால் லேஸ் அவிழ்க்கும் நேரம் தனி. இங்கே வறுமைக்கும் தந்திரத்துக்கும் நடுவே கோடு கிழிப்பது கடினம். இவ்வகையின் மேன்மையே அதுதான்.

ஈ. பக்தி வகை. தன் அணியினர் எல்லோரிடமும் கை குலுக்கி, எதிரணிக் கோலியிடம் நலம் விசாரித்து, கடைசியில் ரெஃப்ரியின் காலைத் தொட்டுக் கும்பிடுவது. ஆசீர்வதிப்பதா, மஞ்சள் அட்டை காட்டுவதா என்று அவர் முடிவெடுப்பதற்குள் இன்னொரு விநாழிகை.

5. பரிகாரங்கள்

மஞ்சள் அட்டைக்கு விதியில் இடமுண்டு. ஆனால் இன்று விசில் ஊதுபவர் பக்கத்துப் பள்ளி ஆசிரியர். நாளை அவர் பையன்கள் ஆடும்போது விசில் கை மாறியிருக்கும். ஆகவே அட்டை பையிலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரில் வெளியேற 10 நொடிதான். தாமதித்தால் மாற்று வீரர் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அதுவரை பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான். சிறப்பான விதி. ஆனால் ஜெர்சி வகையை நினைத்தால் மனம் ஒப்பவில்லை.

மாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. ஜல்லிக்கட்டில் மாடுபிடி வீரர்கள் சுற்றுச் சுற்றாக மாற்றப்படுகிறார்கள். அங்கே யாரும் லேஸ் கட்டுவதில்லை. எனினும் கால்பந்து மைதானத்தில் காளையை அவிழ்த்துவிடக் கல்வித்துறை அனுமதிக்காது.

கடைசிப் பத்து நிமிடம் மாற்றே கூடாது என்பது சிலர் கட்சி. இதில்தான் விபரீதம் இருக்கிறது. எக்ஸ்ட்ரா பையனுக்கு அந்தப் பத்து நிமிடம்தான் ஆட்டம். சார் அவனை அனுப்புவது நேரத்தைக் கரைக்கத்தான். அவன் போவது பந்தைத் தொட. விடியற்காலை பஸ் ஏறி வந்தவனிடம், உன் சாரின் தந்திரத்துக்காக நீ உட்கார் என்பது நியாயமாகாது.

மிஞ்சுவது கடிகாரம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிப்படி, கடைசி ஐந்து நிமிடத்தில் முன்னிலையில் உள்ள அணி ஆள் மாற்றினால் கடிகாரம் நிற்கும். சர்வதேச விதியின் ஏழாம் பிரிவும், இழந்த நேரத்தைச் சேர்க்கச் சொல்லித் தரும் காரணங்களில் முதலாவதாக ஆள் மாற்றத்தைத்தான் வைக்கிறது. நம் ஊரில் சேர்ப்பதில்லை. அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு அணிகள் கோட்டோரம் நிற்கின்றன, வெயில் ஏறுகிறது என்பார்கள். சேர்த்துப் பாருங்கள். கரைத்த நேரம் திரும்பி வரும் என்று தெரிந்தால் யாரும் கரைக்க மாட்டார்கள். பிறகு சேர்ப்பதற்கும் அதிகம் இருக்காது.

6. முடிவு

குற்றம் மாற்றில் இல்லை, நிற்காத கடிகாரத்தில் இருக்கிறது. ஆகவே குறுவட்ட ரெஃப்ரிகளுக்கு ஒரு விண்ணப்பம்: ஒவ்வொரு மாற்றுக்கும் கடிகாரத்தை நிறுத்துங்கள், நிறுத்துவதை இரண்டு சார்களும் பார்க்கும்படி கையை உயர்த்திக் காட்டுங்கள். எக்ஸ்ட்ரா பையனை மட்டும் தடுக்காதீர்கள்.